கலவரப் படங்கள்: கல்லெடுப்பதா, கணக்குக் கேட்பதா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மதரஸாவில் ஓதிய ஒருவர் சினிமாவைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். நான் உங்களைப் படம் பார்க்கச் சொல்லி இங்கே நிற்கவில்லை. ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். நீங்கள் பார்க்காத படத்தை உங்கள் பக்கத்துக் கடைக்காரர் பார்க்கிறார். உங்கள் மகனோடு ஒரே பெஞ்சில் உட்காரும் மாணவன் பார்க்கிறான். உங்கள் தெருவுக்குப் புதிதாக மாற்றலாகி வரும் காவலர் பார்க்கிறார். உங்களைப் பற்றி அவர்கள் மனதில் எழுதப்படும் எழுத்து, நீங்கள் இல்லாத இருட்டறையில் எழுதப்படுகிறது. அது என்ன எழுத்து என்று தெரிந்துகொள்வது நம் கடமையா, இல்லையா?

அதிலும் ஒரு வகைப் படம் இருக்கிறது. நாடே கண்ணீர் விட்ட ஒரு கொடுமையை, செத்தவர்களின் பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போதே திரையில் காட்டும் படம். அது வரும்போதெல்லாம் நாட்டில் இரண்டு கூச்சல் எழுகிறது. 'தடை செய்' என்பது ஒரு கூச்சல். 'கருத்துச் சுதந்திரம்' என்பது மறு கூச்சல். இந்த இரண்டுக்கும் நடுவில் நாம் எங்கே நிற்பது? இதுதான் இன்றைய கேள்வி.

காலம் ஒரு காரணமா?

"காயம் இன்னும் ஆறவில்லையே, இப்போது ஏன் இந்தப் படம்?" என்று நல்ல மனிதர்களே கேட்கிறார்கள். அப்படியானால் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? வரலாற்றைப் புரட்டுவோம்.

1947 பிரிவினையில் ஒரு முஸ்லிம் குடும்பம் பட்ட பாட்டைச் சொன்ன படம் 'கரம் ஹவா'. எம்.எஸ்.சத்யூ எடுத்தது. 1973ல் தயாரானது. அதாவது பிரிவினை முடிந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு! அதற்கும் 'வகுப்புக் கலவரம் மூண்டுவிடும்' என்று சொல்லி மாதக்கணக்கில் அனுமதி மறுத்தார்கள். வெளிவந்த பிறகு கலவரம் எதுவும் மூளவில்லை. தேசிய ஒருமைப்பாட்டுக்கான விருதுதான் கிடைத்தது.

அதே பிரிவினையைப் பற்றிய 'தமஸ்' தொடர் 1988 ஜனவரியில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. 40 ஆண்டு கடந்தும் அதை நிறுத்தச் சொல்லி வழக்கு. பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதிகள் தொடரைப் போட்டுப் பார்த்தார்கள். தடை தேவையில்லை என்றார்கள். உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

2002 குஜராத் கலவரத்தை ஆரம்பக் காட்சிகளில் காட்டியது 'எம்புரான்' என்ற மலையாளப் படம். 2025 மார்ச்சில் வெளிவந்தது. 23 ஆண்டு கழிந்துவிட்டது. ஆனால் என்ன நடந்தது? சங்பரிவாரத்தின் எதிர்ப்பு வந்த சில நாட்களிலேயே, தணிக்கைச் சான்றிதழ் பெற்று ஓடிக்கொண்டிருந்த படத்தில் தயாரிப்பாளர்களே 24 இடங்களில் கத்தரி போட்டார்கள். வில்லனின் பெயரையும் மாற்றினார்கள். கதாநாயக நடிகர் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டார்.

26 ஆண்டும் போதவில்லை. 40 ஆண்டும் போதவில்லை. 23 ஆண்டும் போதவில்லை. ஆகவே சகோதரர்களே, பிரச்சினை காலம் அல்ல! சொல்லப்படுவது யாருக்கு வலிக்கிறது என்பதுதான் பிரச்சினை.

பம்பாய் படமும் பம்பாய் உண்மையும்

இப்போது நம் மொழியிலேயே வந்த படத்துக்கு வருவோம். 1992 டிசம்பர் 6ல் பாபர் மஸ்ஜித் இடிக்கப்பட்டது. அன்று முதல் 10ம் தேதி வரையிலும், பிறகு 1993 ஜனவரி 6 முதல் 20 வரையிலும் பம்பாய் எரிந்தது. இரண்டே ஆண்டில், 1995 மார்ச்சில், மணிரத்னத்தின் 'பம்பாய்' தமிழில் வெளியானது. நெல்லைச் சீமையின் இந்து இளைஞனும் முஸ்லிம் பெண்ணும் ஓடிப்போய்ப் பம்பாயில் வாழ்கிறார்கள், கலவரத்தில் சிக்குகிறார்கள், கடைசியில் மக்கள் கைகோத்து நிற்பதோடு படம் முடிகிறது.

நம் சமுதாயத்தில் எழுந்த முதல் ஆட்சேபம் எதைப் பற்றி? கடலோரக் கோட்டையில் சிக்கிக்கொண்ட புர்காவைக் களைந்துவிட்டுக் கதாநாயகி ஓடி வரும் காட்சியைப் பற்றி. காதல் ஜோடியில் பெண் ஏன் எப்போதும் முஸ்லிமாகவே இருக்கிறாள் என்பதைப் பற்றி. அந்த வருத்தம் நியாயமில்லாதது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. அதை நம்மில் மிகச் சிலரே கேட்டார்கள்.

அந்தக் கேள்வி என்ன? படத்தைப் பார்த்து வெளியே வருபவர், 'இரண்டு பக்கமும் சமமாக வெறிபிடித்து அடித்துக்கொண்டார்கள்' என்று நினைத்துக்கொண்டு வருகிறார். இது உண்மையா?

நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998ல் அறிக்கை தந்தது. இறந்தவர்கள் 900 பேர். அவர்களில் முஸ்லிம்கள் 575. இந்துக்கள் 275. அடையாளம் தெரியாதவர்கள் 45. மற்றவர்கள் 5. காயம்பட்டவர்கள் 2036. ஜனவரி 8 முதல் முஸ்லிம்கள் மீதான தாக்குதல்களை முன்னின்று நடத்தியது சிவசேனாதான் என்று அந்த ஆணையம் ஐயத்துக்கு இடமின்றி எழுதியது. முஹம்மது அலி சாலையில் சுலைமான் உஸ்மான் பேக்கரிக்குள் காவல்துறை புகுந்து சுட்டதை எழுதியது. காவலர்களின் பாரபட்சத்தைப் பக்கம் பக்கமாக எழுதியது.

அதே ஆணையம் இன்னொன்றையும் எழுதியது. ஜனவரி 7 இரவு, ஜோகேஸ்வரி பகுதியின் ராதாபாய் சாலில் வெளியே தாழிட்டுக் கொளுத்தப்பட்ட வீட்டில் இந்துக்கள் 6 பேர் கருகிச் செத்தார்கள். அவர்களில் 5 பேர் பெண்கள். இதையும் நாம் சொல்ல வேண்டும். 575ஐ உரக்கச் சொல்லிவிட்டு இந்த 6ஐ விழுங்குகிறவன் நீதியைப் பற்றிப் பேச அருகதையற்றவன். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்துவிட வேண்டாம் என்பதல்லவா திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் நமக்கு இட்டிருக்கும் கட்டளையின் கருத்து?

ஆக, படத்தின் மீதான நம் வழக்கு 'எங்களைத் தப்பாகக் காட்டிவிட்டார்கள்' என்பதாக மட்டும் இருந்திருக்கக் கூடாது. 'அரசின் பங்கு எங்கே? காவல்துறையின் பங்கு எங்கே? திட்டமிட்டு நடத்தியவர்கள் எங்கே?' என்பதாக இருந்திருக்க வேண்டும்.

அன்று பம்பாயில் நடந்ததையும் பாருங்கள். படம் வெளியாகுமுன்பே அதை பால் தாக்கரேக்குப் போட்டுக் காட்டினார்கள். அவரைப் போன்ற பாத்திரம் கலவரத்துக்காக வருந்துவதாக வரும் காட்சிக்கு அவர் ஆட்சேபம் சொன்னார். கவனியுங்கள்! தன்னைக் கொலைகாரனாகக் காட்டியதற்கு அல்ல, வருந்துகிறவனாகக் காட்டியதற்கு! குற்றம் சாட்டப்பட்டவரின் சம்மதம் கேட்கப்பட்டது. வீடிழந்தவர்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

ஆனால் 1995 ஜூலையில் சென்னையில் அந்த இயக்குநரின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. அவர் காயமடைந்தார். அந்த ஒரு நொடியில் என்ன ஆயிற்று? அதுவரை படத்தைப் பற்றி நாம் கேட்டிருந்த நியாயமான கேள்விகள் அத்தனையும் செத்துப்போயின. கேள்வி கேட்டவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்கள். படம் எடுத்தவர் தியாகி ஆனார். மார்க்கம் தடுத்த வழி அது. அரசியலாகப் பார்த்தாலும் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். அடுத்த ஆண்டு அதே படத்துக்குத் தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது கொடுக்கப்பட்டது.

ஒரே மாநிலம், இரண்டு நீதி

2002 பிப்ரவரி 28ல் அகமதாபாத் குல்பர்க் சொசைட்டியில் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் இஹ்ஸான் ஜாஃப்ரி உட்பட 69 பேர் கொல்லப்பட்டார்கள். அன்று காணாமல் போன ஒரு பார்சிக் குடும்பத்துச் சிறுவனின் கதையை வைத்து ராகுல் தோலாக்கியா 'பர்ஸானியா' எடுத்தார். சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை என இரண்டு தேசிய விருதுகள். 2007 ஜனவரியில் வெளியானபோது குஜராத்தில் திரையரங்க உரிமையாளர்கள் அதைத் திரையிட மறுத்துவிட்டார்கள். அரசு தடை போடவில்லை. தடை போட வேண்டிய அவசியமே இல்லை. பயம் போதுமானதாக இருந்தது.

15 ஆண்டு கழித்து, 2022 மார்ச்சில், 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' வந்தது. அதே குஜராத் அரசு அதற்கு வரிவிலக்கு அளித்தது. பாஜக ஆண்ட வேறு பல மாநிலங்களும் அளித்தன. ஒரு படத்துக்குத் திரையே இல்லை. இன்னொரு படத்துக்கு வரியே இல்லை! இது பாரபட்சம் இல்லையென்றால் வேறு எது பாரபட்சம்?

ஆனால் இளைஞர்களே, இங்கே சற்று நிதானியுங்கள். 'காஷ்மீர் ஃபைல்ஸ் பிரச்சாரப் படம்' என்று சொல்லும் வேகத்தில், 'பண்டிட்களுக்கு ஒன்றுமே நடக்கவில்லை' என்று உங்களில் சிலர் பேசுகிறீர்களே, அது எந்த நீதி? 1990ல் அந்த மக்கள் வீடு வாசலை விட்டு ஓடியது உண்மை. அவர்களில் 219 பேர் கொல்லப்பட்டதாக 2010ல் ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத்தில் அரசே கணக்குத் தந்தது. ஜம்முவின் முகாம்களில் அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. அவர்களின் கண்ணீரை நாம் மறுத்தால், நம் கண்ணீரை மறுப்பவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அந்தப் படத்தோடு நமக்குள்ள சண்டை, அது பண்டிட்களின் துயரத்தைச் சொன்னதற்காக அல்ல. அந்தத் துயரத்தை எடுத்து ஒரு சமுதாயம் முழுவதன் மீதும் எறிந்ததற்காக.

அறிவிப்பாளர் யார்?

அப்படியானால் ஒரு படத்தை எப்படி எடை போடுவது? நமக்குப் புதிய தராசு தேவையில்லை. மதரஸாவில் ஹதீஸ் கலை படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரு செய்தி வந்ததும் உணர்ச்சிவசப்பட்டு ஏற்கவும் மாட்டார்கள், தள்ளவும் மாட்டார்கள். அறிவிப்பாளர் யார்? அவர் நேரில் கேட்டாரா? வரிசையில் விடுபட்டவர் உண்டா? அவருக்கு இதில் ஆதாயம் உண்டா? இவற்றை விசாரித்த பின்புதான் 'பலமானது', 'பலவீனமானது', 'இட்டுக்கட்டப்பட்டது' என்று தரம் பிரிப்பார்கள்.

'உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில்' என்று திரையில் எழுத்து வருகிறதே, அதன் மேல் இதே கேள்விகளை வையுங்கள். எந்த ஆணையத்தின் அறிக்கை ஆதாரம்? எந்தத் தீர்ப்பு ஆதாரம்? யாருடைய சாட்சியம் எடுக்கப்பட்டது, யாருடையது விடப்பட்டது? திரையில் வரும் எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். இது தேசியத் துயரத்தைப் பற்றிய படம் அல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான். 2023ல் 'தி கேரளா ஸ்டோரி' வந்தது. 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டதாக ஒரு கணக்கைப் பரப்பினார்கள். மேற்கு வங்க அரசு படத்துக்குத் தடை போட்டது. 2023 மே 18ல் உச்சநீதிமன்றம் என்ன செய்தது? தடையை நிறுத்தி வைத்தது. அதே நாளில், 32,000 என்ற எண்ணுக்கு நம்பகமான ஆதாரம் எதுவும் இல்லை என்ற அறிவிப்பைப் படத்தில் போடச் சொன்னது! பார்த்தீர்களா? தடை ஒரே நாளில் வீழ்ந்தது. 'கணக்கு எங்கே?' என்ற கேள்வி ஜெயித்தது. எதிரியின் திரையிலேயே எதிரியின் செலவில் நம் ஆட்சேபம் எழுதப்பட்டது.

"தடை கேட்காமல் இருந்தால் நம்மை ஏறி மிதிப்பார்களே!" என்று ஒரு சகோதரர் கேட்கலாம். 2013ல் 'விஸ்வரூபம்' படத்தை இரண்டு வாரம் நிறுத்தினோமே என்று உதாரணமும் சொல்லலாம். அங்கேயும் முடிவு எங்கே வந்தது? தெருவில் அல்ல, பேச்சுவார்த்தை மேசையில். எந்தெந்தக் காட்சி, எந்தெந்த வசனம் என்று குறித்துக்கொண்டு பேசியதால்தான் சில இடங்களில் ஒலி நீக்கப்பட்டு, பிப்ரவரி 7ல் படம் வெளியானது.

இன்னொன்றும் யோசியுங்கள். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் பட வழக்கில் 1989ல் உச்சநீதிமன்றம் ஒரு விதி வகுத்தது. போராட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டிச் சான்றிதழ் பெற்ற படத்தை அரசு தடுக்க முடியாது என்பதே அதன் சாரம். இந்த விதி இன்று நமக்குக் கசக்கலாம். ஆனால் நாளை குல்பர்க் சொசைட்டியைப் பற்றி, பம்பாயைப் பற்றி ஒருவர் உண்மையான படம் எடுத்தால், அதைக் காக்கப் போகும் கேடயமும் இதே விதிதான். கேடயத்தை நம் கையால் உடைத்துவிட்டு நாளை எதைப் பிடிப்பது?

நீதிமன்றம் ஒரு படத்தை நிறுத்தி வைத்ததும் உண்டு. 1993 மார்ச் 12 பம்பாய் குண்டுவெடிப்புகளில் 257 உயிர்கள் போயின. அதைப் பற்றிய 'பிளாக் ஃப்ரைடே' 2005 ஜனவரியில் வரவிருந்தது. தடா நீதிமன்றத்தில் தீர்ப்பு வராத நிலையில் தங்களைக் குற்றவாளிகளாகவே காட்டுகிறது என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். படம் நிறுத்தப்பட்டது, 2007 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. இங்கே காரணம் மனம் புண்பட்டது என்பதல்ல. வழக்கு நடக்கும்போது திரை தீர்ப்பு எழுதக் கூடாது என்பது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள்.

இனி என்ன செய்வது?

முதலாவது: பார்க்காத படத்தைப் பற்றி அறிக்கை விடாதீர்கள். கைப்பேசியில் வந்த முப்பது நொடித் துண்டை வைத்துக்கொண்டு ஊரைத் திரட்டாதீர்கள். ஜமாஅத்தின் சார்பில் ஒரு வழக்கறிஞரும் ஒரு ஆசிரியரும் பார்க்கட்டும். எந்தக் காட்சி, எந்த வசனம், எந்த உண்மைக்கு மாறானது என்று தாளில் எழுதட்டும்.

இரண்டாவது: அந்தத் தாள் தணிக்கை வாரியத்துக்கும் பத்திரிகைகளுக்கும் போகட்டும். தேவையென்றால் உயர்நீதிமன்றத்துக்குப் போகட்டும். திரையரங்க வாசலுக்குக் கல்லோடு போக வேண்டாம். அந்தத் திரையரங்கில் டிக்கெட் கிழிப்பவன் படம் எடுத்தவன் அல்ல. கல் பறந்த மறுநாள் மூடப்படுவது யாருடைய ஷட்டர்? வணிகர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பண்டிகைக் கால வியாபாரம் போனால் அந்த ஆண்டின் வட்டியை யார் கட்டுவது? வழக்கில் சிக்கிய பையனின் ஜாமீனுக்கு யார் அலைவது?

மூன்றாவது: நம் காயத்துக்கு ஒரு அளவுகோல், அடுத்தவர் காயத்துக்கு ஒரு அளவுகோல் வைக்காதீர்கள்.

நான்காவது: இதுவே முக்கியமானது. படத்தோடு சண்டை போட்டுவிட்டு வழக்கை மறந்துவிடாதீர்கள். குண்டுவெடிப்பு வழக்கில் 100 பேர் குற்றவாளிகள் என்று தடா நீதிமன்றம் தீர்ப்பளித்தது, தூக்கும் நிறைவேற்றப்பட்டது. அதற்கு முந்திய கலவரத்தில் 900 பேரைக் கொன்றவர்கள் எத்தனை பேர் சிறை சென்றார்கள்? ஸ்ரீகிருஷ்ணா அறிக்கையை அன்றைய மாநில அரசு ஏற்கவில்லை. 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. காணாமல் போன 168 பேரில் 60 பேர் குடும்பங்களுக்குத்தான் இழப்பீடு கிடைத்திருந்தது. மீதி 108 குடும்பங்களைத் தேடிப்பிடித்து வட்டியோடு கொடுக்கச் சொன்னது. முப்பது ஆண்டுக்குப் பிறகு! நம்மில் எத்தனை பேருக்கு இந்தத் தீர்ப்பு தெரியும்? ஒரு பாடல் காட்சியைப் பற்றி முப்பது ஆண்டாகப் பேசுகிறோம். 108 குடும்பங்களைப் பற்றி எந்த மேடையில் பேசினோம்?

ஐந்தாவது: நம் கதையை யார் சொல்வது? 'கரம் ஹவா' எடுத்தவர் முஸ்லிம் அல்லர். அயோத்திப் பிரச்சாரத்தின் முகத்தை 'ராம் கே நாம்' ஆவணப் படத்தில் பதிந்த ஆனந்த் பட்வர்தன் முஸ்லிம் அல்லர். 'பர்ஸானியா' எடுத்தவரும் அல்லர். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நாம் என்ன செய்தோம்? பம்பாய்க்குப் பிழைக்கப்போன நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் 1993ல் வெறுங்கையோடு திரும்பினார்கள்? தாராவியில் கடை வைத்திருந்த பெரியவர்கள் பலர் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். மௌத்து அவர்களை அழைக்கும் முன், அவர்கள் கண்டதைக் கேட்டு, தேதியோடு, இடத்தோடு எழுதி வையுங்கள். அவர்களைக் காப்பாற்றிய இந்துக் குடும்பங்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வசதியுள்ள வணிகர்கள் இதற்குச் செலவு செய்யுங்கள். மாநாட்டுப் பந்தலுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கு போதும். சாட்சியம் இருந்தால்தான் நாளை எவனும் 32,000 என்று வாயில் வந்த எண்ணைச் சொல்லத் தயங்குவான்.

சகோதரர்களே! படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் காட்டப்பட்டவர்களின் வழக்கு முடியவில்லை. அடுத்த படம் வரும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். ஸ்ரீகிருஷ்ணா அறிக்கையின் பிரதி உங்கள் ஜமாஅத் அலுவலகத்தில் இருக்கிறதா என்று நாளை லுஹருக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் நீதியின் பக்கம் நிலைநிறுத்துவானாக! வஸ்ஸலாம்.